மதுரை வெயிலில் ஆப்பிளும் பீச்சும்: மொட்டின் தூக்கத்தைக் கையாள ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு மாசி மாதமும் என் வாட்ஸ்அப்புக்கு ஒரே மாதிரிப் படம் வேறு வேறு தோட்டங்களிலிருந்து வரும். ஆளுயர ஆப்பிள் செடி, கிளை நெடுக மொட்டை, நுனியில் மட்டும் விளக்குமாற்றைத் தலைகீழாகச் செருகியது போல ஒரு கொத்து இலை. கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, போன வருஷம் நட்ட ரெண்டாம் மாசமே பூத்துச்சு. இந்த வருஷம் ஏன் ஒண்ணையும் காணோம்?"

போன வருஷம் பூத்தது மதுரைக் கணக்கில் சேராது. இமாச்சலத்து நாற்றங்காலில் வளர்ந்த ஒட்டுக்கன்று, தனக்கு வேண்டிய குளிரில் பெரும்பகுதியை அங்கேயே வாங்கிக்கொண்டுதான் லாரி ஏறுகிறது. இங்கே வந்து சூடும் தண்ணீரும் கிடைத்ததும் மொட்டுக் கண் உடைத்துப் பூத்துவிடுகிறது. அது கட்டிக் கொடுத்த சோறு. எத்தனை நாளைக்கு வரும்? இரண்டாம் வருஷம் முதல் நம் அடுப்பில்தான் பொங்க வேண்டும்.

அதற்கான வேலைகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றினால் பலன் கெடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. மூன்று வகைத் தூக்கத்தைப் பிரித்துப் பாருங்கள்

இலை உதிர்க்கும் பழமரங்களின் மொட்டு மூன்று காரணங்களால் சும்மா இருக்கும். எந்தக் காரணம் என்று தெரியாமல் எதைச் செய்தாலும் குருட்டு வேலைதான்.

முதல் வகையில் மொட்டு தானாகத் தூங்குவதில்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கிளை நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிச் சாறும், மொட்டை ஒட்டியிருக்கும் முற்றிய இலையும் சேர்ந்து அதை எழவிடுவதில்லை. நுனியைக் கிள்ளினால், இலையை எடுத்தால் அது எழும். பட்டுப்புழுவுக்கு மல்பெரி வளர்ப்பவர்கள் வெட்ட வெட்டத் துளிர்ப்பதை தினம் பார்க்கிறார்கள். காரணம் இதுதான்.

இரண்டாம் வகை உள்தூக்கம். மொட்டுக்குள்ளேயே பூட்டு விழுந்துவிடும். இலையை எடுத்தாலும் எழாது, தண்ணீர் ஊற்றினாலும் எழாது. இந்தப் பூட்டுக்குக் குளிர் ஒன்றுதான் இயல்பான சாவி. ரகத்துக்குத் தக்கபடி இத்தனை மணி நேரம் குளிர் என்று அது கேட்கும். அதைத்தான் குளிர்த்தேவை என்கிறோம்.

மூன்றாவது, வெளியே சூழ்நிலை சரியில்லாமல் காத்திருப்பது. மொட்டு தயார், ஆனால் மண்ணில் ஈரமில்லை. ஒரு தண்ணீர் விட்டால் எழுந்துவிடும்.

மதுரையில் நாம் செய்யப் போவது இவ்வளவுதான். மரம் முதல் வகையில் இருக்கும்போதே, உள்பூட்டு விழுவதற்கு முன்னால், இலையை எடுத்து மொட்டை எழுப்பிவிடுவது. இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் பத்து என்ற மலையூரில் ஆப்பிள்காரர்கள் அறுவடைக்குப் பிறகு கையால் இலை உருவி, வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு எடுக்கிறார்கள். அவர்கள் ஊரிலும் உறைபனி கிடையாது.

நம்மால் குளிரைக் கொண்டுவர முடியாது. மரத்தின் அடியில் ஐஸ்கட்டி கொட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒருவர் மீன் கடையில் ஐஸ் வாங்கி மார்கழி முழுக்கக் கொட்டினார். குளிரைக் கணக்கு வைப்பது கிளையிலிருக்கும் மொட்டு. வேரைக் குளிர வைத்தால் வேருக்கு விறைப்புதான் மிச்சம்.

2. உங்கள் இடத்துக் குளிரை எண்ணுங்கள்

கன்று வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. மணிக்கு மணி வெப்பத்தைக் குறித்துவைக்கும் வெப்பமானி ஒன்று வேண்டும். நிழலில், தலை உயரத்தில், சுவரை ஒட்டாமல் தொங்கவிடுங்கள். சுவர் பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும், அளவு தப்பாக வரும்.

பழைய கணக்கு எளிமையானது. 0 டிகிரிக்கும் 7.2 டிகிரிக்கும் இடையில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குளிர்மணி. உறைநிலைக்குக் கீழே போன நேரம் சேராது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீச் மரங்களை வைத்து 1974இல் போட்ட கணக்கு இன்னும் நுட்பமானது. 2.5 முதல் 9.1 டிகிரி வரை மணிக்கு ஒரு முழுப் புள்ளி. அதற்கு மேலே 12.4 வரை அரைப் புள்ளி. 15.9 வரை பூஜ்யம். 16 முதல் 18 வரை அரைப் புள்ளி கழியும். 18க்கு மேல் ஒரு முழுப் புள்ளி கழியும். அதாவது, இரவில் சேர்த்ததைப் பகல் வெயில் தின்றுவிடும்.

ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். மலையில் உங்கள் நிலம் இருக்கிறது, தை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 முதல் காலை 8 வரை 9 டிகிரிக்குக் கீழே: 9 மணி நேரம், 9 புள்ளி. மாலை 7 முதல் 11 வரையும் காலை 8 முதல் 10 வரையும் 10, 12 டிகிரி: 6 மணி நேரம், 3 புள்ளி. காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 7 வரை 14 டிகிரி: பூஜ்யம். நண்பகல் முதல் 5 மணி வரை 17 டிகிரி: 2.5 கழியும். மொத்தம் 9.5. அதே நாளில் விடியற்காலை 3 முதல் 8 வரைதான் 7 டிகிரிக்குக் கீழே இருந்தது என்றால் பழைய கணக்கில் 5 மணிதான். ஒரே இரவு, இரண்டு விடை. அதனால் யாராவது "இந்த ரகத்துக்கு 300" என்றால், எந்தக் கணக்கில் 300 என்று கேளுங்கள்.

இனி மதுரை. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று பாட்டி சொன்னது போர்வைக்குத்தான் பொருந்தும். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்திலும் விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். பழைய கணக்கில் பூஜ்யம். யூட்டா கணக்கில் நாள் முழுக்கக் கழித்தல்தான். அந்தக் கணக்கு நம் ஊருக்கு என்று போட்டதே இல்லை.

மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், அதனால் அங்கே இரவு 8 டிகிரி வரை இறங்குகிறது. ஆயிரம் மீட்டரைத் தாண்டிய சிறுமலையும் தாண்டிக்குடியும் நடுவில் நிற்கின்றன. உங்கள் நிலம் எந்த உயரத்தில் என்று போனிலேயே தெரிந்துவிடும். அதை வைத்து மனக்கணக்கு போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வார்த்தை வெப்பமானிக்குத்தான். பள்ளத்து நிலத்தில் குளிர்காற்று தண்ணீர் போல வந்து தேங்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே இரவில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

3. ரகத்தை முடிவு செய்யுங்கள்

கடையில் வாங்கித் தின்ற ஆப்பிளின் விதையைப் போட்டு முளைக்க வைத்துவிட்டு வருபவர்கள் நிறைய. விதைக்கும் குளிர் வேண்டும். ஈர மணலில் கலந்து பிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வைத்தால் முளைக்கும். ஆனால் முளைத்தது தாய்ப்பழத்தைப் போல இருக்காது, காய்க்கவும் பல வருஷம் ஆகும். குழந்தைகளுக்கு விளையாட்டு என்றால் சரி.

ரெட் டெலிசியஸ் போன்ற ரகங்கள் ஆயிரம் மணியை ஒட்டிக் குளிர் கேட்பவை. அவற்றை மதுரையில் வைப்பது பணத்தை வெயிலில் காயப்போடுவது மாதிரி.

சமவெளிக்கு மூன்று ஆப்பிள் ரகங்களைத்தான் நான் சொல்வேன். இஸ்ரேலில் உருவான அன்னா, 200 முதல் 300 மணி கேட்கும். பஹாமாஸ் தீவில் கிடைத்த டார்செட் கோல்டன், அதைவிடக் குறைவு, 100ஐ ஒட்டி. இமாச்சலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா தன் சூடான ஊரில் தேர்ந்தெடுத்த எச்.ஆர்.எம்.என்–99. பீச்சில் புளோரிடாவின் புளோர்டாபிரின்ஸ் 150 மணி ரகம்.

கவனியுங்கள், இந்த ரகங்களுக்கும் குளிர்த்தேவை பூஜ்யம் இல்லை. ஆனால் தேவை குறைந்த ரகத்துக்குத் தூக்கத்தின் ஆழமும் குறைவு. அதனால் இலை உருவினால் எழுப்ப முடிகிறது. ஆயிரம் மணி ரகத்துக்கு இலை உருவினால் கும்பகர்ணன் காதில் ஊதின கதைதான்.

ஆப்பிள் வைத்தால் ஒற்றை மரமாக வைக்காதீர்கள். அன்னா தன் மகரந்தத்தில் கொஞ்சம் காய்க்கும், பக்கத்தில் டார்செட் கோல்டன் இருந்தால் நன்றாகக் காய்க்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூப்பவை.

ஒட்டுக்கன்றின் வேரோடு கூடிய அடிப்பாகமான வேர்த்தண்டு எது என்றும் கேளுங்கள். எம்.எம்.111 வறட்சியைத் தாங்கும், வேரைத் தாக்கும் பஞ்சுப் பேனையும் எதிர்க்கும். எம்.9 குட்டையானது, வேர் பலமில்லாதது, முட்டுக்கொம்பு இல்லாமல் நிற்காது. நம் மண்ணுக்கு முதலாவதுதான்.

4. நடும் முன் மண்ணும் தண்ணீரும்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், மற்ற மரங்களுக்குச் செய்வதுதான். செம்மண் நல்லது. சுண்ணாம்பு கலந்த கரிசலில் இளந்துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாததன் அடையாளம் அது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் போகும்போது மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்காத மேடு வேண்டும். மண் அணைத்து ஒன்றரை அடி உயர்த்திய மேட்டில் நடுங்கள். இது வேர் அழுகாமல் இருக்க மட்டுமில்லை. ஏழாவது வேலையில் தண்ணீரைக் காய விடும்போது இந்த மேடுதான் கைகொடுக்கும்.

மண்ணில்லாமல் வரும் கன்றை ஒரு இரவு தண்ணீரில் வேர் முங்க வைத்துவிட்டு நடுங்கள். ஒட்டுக்கட்டு தரையிலிருந்து அரை அடி மேலே இருக்கட்டும். அது புதைந்தால் மேல்ரகம் தானே வேர்விட்டு, வேர்த்தண்டுக்குக் கொடுத்த காசு வீணாகும். தண்டின் தெற்கு, மேற்குப் பக்கம் சுண்ணாம்பு பூசுங்கள், பட்டை வெந்து வெடிக்காது.

முதல் வருஷம் வரும் பூவை எல்லாம் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். அந்தக் காயைச் சுமக்கிற கன்று அந்த வருஷம் வேர் விடாது.

5. இரண்டு வருஷம் கூடு கட்டுங்கள்

இந்த இரண்டு வருஷமும் இலை உருவ வேண்டாம். மரத்தின் கூட்டை அமைப்பதுதான் வேலை. நான்கைந்து பக்கக் கிளைகளை விட்டு, மற்றதை எடுங்கள்.

நிமிர்ந்து போகும் கிளையைச் சணல் கயிறு கட்டி இழுத்து, தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுக்க வையுங்கள். நிமிர்ந்த கிளையில் நுனி ராஜாவாக இருந்து கீழே உள்ள கண்களை அடக்கும். படுத்த கிளையில் அந்த அதிகாரம் குறைந்து, நீளம் முழுக்கக் கண்கள் சமமாக உடையும். அந்த விளக்குமாற்றுப் படத்துக்குப் பாதி வைத்தியம் இதுதான். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

கயிறு இறுக்கமாக இருந்தால் ஆறு மாதத்தில் பட்டையைத் தின்றுவிடும். பழைய வேட்டிக் கிழிசல் நல்லது.

6. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

மூன்றாம் வருஷத்திலிருந்து காய்ப்புக்கு இறங்கலாம். நாளைக் குறிக்கும்போது புதியவர்கள் பூவிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பழத்திலிருந்து பின்னோக்கி வருகிறேன்.

கத்திரி மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். ஆப்பிள் தோலின் சூடு 46 டிகிரியைத் தாண்டினால் வெயில் பட்ட பக்கம் வெந்து பழுப்பாகும். காற்றின் வெப்பம் 40 டிகிரி என்றால் வெயிலில் தொங்கும் பழத்தின் தோல் அதைவிடச் சூடு. ஆகவே கத்திரிக்கு முன்னால் பெரும்பாலான பழம் கூடைக்கு வர வேண்டும். அன்னா பூத்துப் பழுக்க மூன்று மாதத்துக்குச் சற்று மேல். அப்படியானால் தை முதல் வாரத்தை ஒட்டிப் பூ. இலை உருவினதிலிருந்து பூ வர சுமார் ஒரு மாதம். அப்படியானால் மார்கழித் தொடக்கம், டிசம்பர் நடுப்பகுதியில் இலை உருவ வேண்டும்.

இதற்கு முன்னே போனால் வடகிழக்குப் பருவமழையில் மாட்டுவோம். ஐப்பசி, கார்த்திகையில் உருவினால் மழை ஈரத்தில் வரும் துளிரில் பூஞ்சாணம் ஏறும், பூவின் மகரந்தம் நனைந்து போகும். பின்னே போனால் கத்திரி. நடுவில் கிடைக்கும் சந்து மூன்று வாரம்தான். புயல் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

7. உரத்தையும் தண்ணீரையும் நிறுத்துங்கள்

ஆவணிக்குப் பிறகு யூரியா போன்ற தழைச்சத்து உரம் வேண்டாம். தழைச்சத்து இருந்தால் நுனி ஓடிக்கொண்டே இருக்கும், மொட்டு முற்றாது. முற்றாத மொட்டை எழுப்பினால் இலைதான் வரும்.

இலை உருவுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சொட்டுநீரை மூடிவிடுங்கள், மரத்தடியில் பரப்பிய மூடாக்கையும் விலக்கிவிடுங்கள். மல்லிகைத் தோட்டக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகைக் கடைசியில் மல்லிக்குத் தண்ணீரை நிறுத்தி, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதுதானே வழக்கம். காரணமும் அதுதான்: வளர்ச்சி ஓய்ந்து, சத்து கிளையில் தங்க வேண்டும்.

மழை விடாமல் பெய்தால் என்ன செய்வது? மேட்டின் மீது தார்ப்பாயைக் கூரை போல விரித்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும்படி விடலாம். இரண்டு மூன்று மரத்துக்கு அது முடியும். ஒரு ஏக்கருக்கு முடியாது. மழை நின்று பத்து நாள் கழியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

8. மொட்டைப் பார்த்துவிட்டு இலையை உருவுங்கள்

இந்த வேலையில் அவசரம் கூடாது. முதலில் ஒரு கிளையைக் கையில் எடுங்கள். ஆப்பிளில் பூமொட்டு குண்டாக, முனை மழுங்கி, மேலே மெல்லிய சாம்பல் பூனைமயிரோடு இருக்கும். பெரும்பாலும் விரல் நீளக் குட்டைக் கிளைகளின் முனையில் உட்கார்ந்திருக்கும். இலைமொட்டு ஒல்லியாக, கூராக, கிளையோடு ஒட்டிப் படுத்திருக்கும். பீச்சில் ஒரே கணுவில் மூன்று மொட்டு பார்க்கலாம். நடுவில் கூரானது இலை, இரு பக்கமும் குண்டானது பூ.

குண்டு மொட்டு தென்படவில்லை என்றால் இந்த வருஷம் உருவ வேண்டாம். ஆப்பிளின் பூமொட்டு முந்திய பருவத்திலேயே உருவாகிவிடும். இல்லாததை எழுப்ப முடியாது.

அடுத்து இலை. கட்டைவிரலால் இலைக்காம்பை லேசாகத் தள்ளிப் பாருங்கள். 'டிக்' என்று தனியே வந்தால் முற்றிவிட்டது. பட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால் மரம் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. ஒரு வாரம் பொறுங்கள்.

உருவும்போது கொத்தாகப் பிடித்துச் சரக்கென்று இழுக்காதீர்கள். மொட்டு இலைக்காம்பின் கக்கத்தில் இருக்கிறது. இழுப்பில் அதுவும் போகும். முதல் வருஷம் நான் செய்த தவறு இதுதான். ஒரு மரத்தை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுப் பெருமையாக நின்றேன், அப்புறம் பார்த்தால் தரையில் கிடந்த இலைகளின் அடியில் பாதி மொட்டும் கிடந்தது. இப்போது சிறு கத்தரிக்கோலால் காம்பின் நடுவில் வெட்டிவிடுகிறேன். மிச்சக் காம்பு சில நாளில் தானே உதிரும். மரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

எல்லா இலையையும் எடுங்கள், நுனி உட்பட. "மரம் மூச்சுவிட நாலு இலை இருக்கட்டுமே" என்று உச்சியில் விட்டுவிடுகிறார்கள். அந்த நாலு இலையும் அந்த நுனியும் சேர்ந்து கீழே உள்ள அத்தனை கண்ணையும் மறுபடி அடக்கும். உச்சி மட்டும் துளிர்க்கும், கிளை மொட்டையாக நிற்கும்.

அன்னா, டார்செட் இரண்டையும் ஒரே நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் முடியுங்கள். பாதி மரத்தை இந்த ஞாயிறு, மீதியை அடுத்த ஞாயிறு என்று செய்தால் ஒரே மரத்தில் பூவும் பிஞ்சும் கலந்து வரும், மகரந்தம் சேராது.

9. கவாத்து: மல்லிக்குச் செய்வது போலச் செய்யாதீர்கள்

இலை போன பிறகு கிளைகள் தெளிவாகத் தெரியும், அப்போதுதான் கத்தரி எடுக்க வேண்டும். காய்ந்தது, உரசுவது, உள்ளே வளர்வது, வேர்த்தண்டிலிருந்து கிளம்பிய பக்கக்கன்று, இவற்றை மட்டும் நீக்குங்கள். நுனிகளை நாலு விரல் கிள்ளுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை வைத்துக் கை தேர்ந்த ஒருவர், அந்தக் கையோடு ஆப்பிளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். மல்லி புதுத் துளிரில் பூக்கும், எவ்வளவு வெட்டினாலும் லாபம். ஆப்பிளின் பூமொட்டு பழைய குட்டைக் கிளையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அவர் வெட்டிப் போட்டது அந்த வருஷத்து மகசூல். பீச்சுக்குக் கணக்கு வேறு. போன வருஷம் வளர்ந்த கிளையில்தான் பூ என்பதால், காய்த்து முடித்த கிளையை நன்றாகவே குறைக்கலாம், ஆனால் அறுவடை முடிந்த கையோடு.

கிளையில் எங்காவது வெறுமையாக நீளமான இடம் இருந்தால், அங்குள்ள ஒரு கண்ணுக்கு நேர் மேலே, பட்டை ஆழத்துக்கு ஒரு சிறு கீறல் போடுங்கள். நுனியிலிருந்து இறங்கும் சாறு அந்த இடத்தில் அறுபடும், கண் உடையும்.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்ற விகிதம். தனித்தனியே கரைத்துப் பிறகு கலக்க வேண்டும், இரும்பு வாளி கூடாது.

மறுநாள் நிறைவாக ஒரு தண்ணீர். இதை மறந்தால் முதல் தூக்கத்திலிருந்து எழுப்பி மூன்றாம் தூக்கத்தில் படுக்க வைத்த கதையாகும். தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் இப்போது கொடுக்கலாம்.

10. கண் உடைந்த பிறகு

பத்து நாளை ஒட்டி மொட்டு வீங்கும். செதில் விரிந்து பச்சை நுனி தெரியும். இருபது நாளாகியும் வீக்கமே இல்லையென்றால் ஒரு மொட்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் பொறுங்கள். பழுப்பு என்றால் செத்துவிட்டது.

பூ வந்ததும் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் சொல்லிவையுங்கள். கொசுத்தேனீயும் அடுக்குத்தேனீயும்தான் உங்கள் கூலியில்லா ஆட்கள். பூ குறைவாக இருந்தால் டார்செட் பூவைப் பறித்து அன்னா பூவில் லேசாகத் தொட்டுவிடுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் செய்ய வேண்டும்.

பிஞ்சு கோலிக்குண்டு அளவு ஆனதும் கொத்துக்கு ஒன்று மட்டும் விடுங்கள். நிறையக் காயைச் சுமக்கும் மரம் அடுத்த வருஷத்துக்குப் பூமொட்டு வைக்காது. பங்குனியில் மேற்குப் பக்கம் 35 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மேலே முழுக்க மூடினால் வெளிச்சம் குறைந்து அதே பூமொட்டு அடிவாங்கும்.

பழம் கடையில் பார்க்கும் சிவப்பில் வராது. அந்த நிறத்துக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். மஞ்சளில் ஒரு கன்னம் சிவந்திருந்தால் நம் ஊருக்கு அது நல்ல பழம். நிறம் வரட்டும் என்று காத்திருந்து மாவாக்கிவிடாதீர்கள்.

11. எழுப்பும் மருந்து அடிக்கலாமா?

திராட்சைக்காரர்கள் கவாத்து முடிந்ததும் கண் ஒன்றாக உடைய ஹைட்ரஜன் சயனமைடு தடவுவதுண்டு. டார்மெக்ஸ் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிரில் ஓரளவு குறை இருந்தால் அது ஈடுகட்டும். ஆனால் வீங்கித் திறந்த மொட்டில் பட்டால் கருக்கிவிடும். தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். அடித்தவர் முன்னும் பின்னும் சில நாளுக்குள் சாராயம், பீர் எது குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரி வரை போக நேரும். கூலிக்கு வருபவரிடம் இதைச் சொல்லாமல் மருந்தைக் கையில் கொடுப்பது பாவம்.

நாலு மரம் வைத்திருப்பவருக்கு இது வேண்டாம் என்பேன். கத்தரிக்கோல் போதும்.

12. மலையில் நிலம் இருந்தால்

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பேரி, பிளம்ஸ், பீச் வைத்திருப்பவர்களுக்கு வேலை தலைகீழ். அங்கே குளிர் பாதி கிடைக்கிறது. மரம் உள்தூக்கத்துக்குப் போய்விடுகிறது, ஆனால் சில வருஷம் தூக்கம் முழுதாகத் தீருவதில்லை. அப்போது பூ ஒரேயடியாக வராமல் ஒரு மாதத்துக்கு மேல் சிதறி வரும், காயும் சிதறிப் பழுக்கும், வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார்.

அங்கே மார்கழியில் இலையை உருவி எழுப்ப முயலாதீர்கள். பூட்டு விழுந்த பிறகு கதவைத் தட்டி என்ன பயன்? தூக்கம் தீர்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. தை நடுவிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை, போன வருஷக் கிளையில் ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து குச்சி வெட்டுங்கள். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி, வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, அடிநுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் கண் பச்சை காட்டினால், குச்சி வெட்டிய நாளிலேயே மரத்தின் குளிர்க்கணக்கு முடிந்திருந்தது என்று பொருள். தோட்டத்தில் மிச்சமிருப்பது சூடும் தண்ணீரும்தான், அப்போது கவாத்து செய்து தண்ணீர் விடலாம். ஒன்றும் அசையவில்லை என்றால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த குச்சியை வெட்டுங்கள்.

எந்தத் தேதியில் வெட்டினது என்று பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். போன தையில் நான் எழுதவில்லை. ஜன்னல் ஓரம் மூன்று பாட்டில் நின்றது, நடுவில் இருந்தது பூத்தது, எது எப்போது வெட்டியது என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது.